என்எம் மேனுவலைத் திருத்த வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கம்பைல் ஆன கோப்புகளைக் கையாளும் க்னூ பின்யூட்டில்ஸ் கருவித் தொகுப்பில் இருக்கும் என்எம் கட்டளையின் மேனுவலில் சில வாக்கியங்கள் தெளிவாக இல்லை, அவற்றைத் திருத்தலாமா என்று கேட்டுப் பலர் வருகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை போகப் போக.

ஒரு குறிப்பு: இந்தக் கருவியில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் அர்த்தம் வேறு. அதனால் நாம் பேசும்போது சொல்வது போலவே கேப்பிடல், ஸ்மால் என்று எழுதியிருக்கிறேன். டெக்ஸ்ட் பகுதிக்கான எழுத்து ‘டீ’, டேட்டா பகுதிக்கான எழுத்து ‘டி’.

என்எம்னா என்ன? அதோட அவுட்புட்டை எப்படிப் படிக்கிறது?

கம்பைல் ஆன கோப்புக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடும் கட்டளை அது. நீங்கள் எழுதிய ஃபங்ஷன், குளோபல் வேரியபிள், வேறொரு லைப்ரரியிலிருந்து வர வேண்டிய பெயர் எல்லாமே அதற்கு ‘சிம்பல்’தான். 1971-ல் வந்த முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே இந்தக் கட்டளை இருந்தது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் இதற்கு இடம் உண்டு. லினக்ஸில் நாம் பெரும்பாலும் ஓட்டுவது பின்யூட்டில்ஸ் தரும் என்எம்.

சாதாரணமாக ஒரு வரியில் மூன்று பகுதிகள் இருக்கும்: வேல்யூ, ஒற்றை எழுத்து, பெயர்.

0000000000001149 டீ மெயின்

‘மெயின்’ என்ற சிம்பல் டெக்ஸ்ட் பகுதியில், அதாவது இயந்திரக் கட்டளைகள் இருக்கும் பகுதியில், அந்த இடத்தில் இருக்கிறது என்று பொருள். கேப்பிடல் யூ என்று வரும் வரியில் வேல்யூ இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தப் பெயருக்கான வரையறை இந்தக் கோப்பில் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். கோப்பின் பெயரே கொடுக்காமல் ஓட்டினால் ‘ஏ.அவுட்’ என்ற கோப்பைத் தேடும்.

புரோகிராம் சரியா ஓடுதே, மேனுவல்ல நாலு வார்த்தையை மாத்துறது ஒரு பங்களிப்பா?

ஆமாம், நல்ல பங்களிப்புதான். இந்த மேனுவலைப் பொழுதுபோக்குக்காக யாரும் திறப்பதில்லை. கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ‘இந்தப் பெயரைக் காணோம்’ என்றோ ‘இந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது’ என்றோ சொல்லிவிட்டது, பில்டு நின்றுவிட்டது, திரையில் ஒரு எழுத்து தெரிகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தேடித்தான் வருகிறார்கள். ஒரு வரியைப் படித்துவிட்டு அதை நம்பி அடுத்த முடிவை எடுக்கிறார்கள். அந்த வரி தப்பான பக்கம் கையைக் காட்டினால் அவர்களுடைய ஒரு நாள் போய்விடும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வராது. நான் கை வைக்கலாமா?

வைக்கலாம். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது கோப்பைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை, இங்கிலீஷ் அதற்கு அப்புறம்தான். ஒரு வாக்கியம் உங்களைத் தடுமாற வைத்தால் அது இன்னும் பல நாட்டுக்காரர்களையும் தடுமாற வைத்திருக்கும். இந்த மேனுவலைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும். இலக்கணம் எங்காவது தட்டினால் ரிவ்யூவில் சரி செய்து தருவார்கள். தகவல் தப்பாக இருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் நன்றாக எழுதப்பட்ட தப்பான தகவலைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மேன் பேஜ் ஃபைலைத் திறந்து திருத்தினா போதும்தானே?

போதாது. அந்த மேன் பேஜ், அதாவது ‘மேன்’ கட்டளை காட்டும் பக்கம், தானாக உருவாக்கப்படுவது. மூலம் ‘பின்யூட்டில்ஸ்.டெக்ஸி’ என்ற கோப்பு, க்னூவின் ஆவண வடிவமான டெக்ஸ்இன்ஃபோவில் எழுதப்பட்டது. பின்யூட்டில்ஸ் சோர்ஸில் அதே பெயருள்ள அடைவுக்குள் ‘டாக்’ என்ற அடைவில் இருக்கும். அந்த ஒரு கோப்பிலிருந்துதான் இன்ஃபோ பக்கம், இணையத்தில் காணும் மேனுவல், மேன் பேஜ் எல்லாம் வருகின்றன. மேன் பேஜுக்கு எந்தப் பகுதி போக வேண்டும் என்பதைச் சில கமென்ட் வரிகள் குறிக்கின்றன. அந்தப் பகுதியை ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் எடுத்து, பெர்லின் ஆவண வடிவமான பாட் வடிவத்துக்கு மாற்ற, அதிலிருந்து மேன் பேஜ் தயாராகிறது.

அதனால் திருத்திய பிறகு இரண்டு வடிவத்திலும் பாருங்கள். அந்த ஸ்கிரிப்டுக்கு டெக்ஸ்இன்ஃபோ முழுவதும் புரியாது, ஒரு பகுதிதான் புரியும். இன்ஃபோவில் அழகாக வந்த அட்டவணை மேன் பேஜில் குலைந்து போகலாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

மேனுவலை முதல் வரியிலிருந்து படித்துத் தப்பு தேடாதீர்கள். ஒரு சின்ன சி நிரல் எழுதுங்கள். அதில் ஆரம்ப மதிப்பு கொடுத்த குளோபல் ஒன்று, பூஜ்யம் கொடுத்தது ஒன்று, எதுவுமே கொடுக்காதது ஒன்று, ஸ்டாட்டிக் வேரியபிள் ஒன்று, கான்ஸ்ட் ஒன்று, ஸ்டாட்டிக் ஃபங்ஷன் ஒன்று, வெறும் வாசகத்தை அச்சிடும் ‘பிரின்ட்எஃப்’ ஒன்று இருக்கட்டும். அதை ஆப்ஜெக்ட் ஃபைலாக, அதாவது இன்னும் லிங்க் செய்யாத கோப்பாக, கம்பைல் செய்து என்எம் ஓட்டுங்கள். பிறகு லிங்க் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

இப்போது ஒவ்வொரு வரியையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மேனுவல் சொல்வதும் திரையில் இருப்பதும் ஒட்டாத இடம் நிச்சயம் ஒன்றிரண்டு கிடைக்கும். ‘பிரின்ட்எஃப்’ எழுதியிருப்பீர்கள், பட்டியலில் ‘புட்ஸ்’ நிற்கும். வரி முடிவோடு வெறும் வாசகம் மட்டும் அச்சிட்டால் ஜிசிசி கம்பைலர் அப்படி மாற்றிவிடுகிறது. இதில் மேனுவலின் மேல் தப்பு இல்லை. எந்த ஆச்சரியம் கம்பைலரால் வருகிறது, எது வாசகத்தால் வருகிறது என்று பிரிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே ஒரு நல்ல திருத்தத்தைக் காட்ட முடியுமா? எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க.

பி என்ற எழுத்துக்கான விளக்கத்தைச் சொல்கிறேன். பழைய மேனுவல்களில் ‘ஆரம்ப மதிப்பு கொடுக்கப்படாத டேட்டா பகுதி, பிஎஸ்எஸ் என்று பெயர்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மேலே சொன்ன சோதனை நிரலில் பூஜ்யம் கொடுத்த குளோபலைப் பாருங்கள். அதற்கு ஆரம்ப மதிப்பு கொடுத்திருக்கிறோம், ஆனாலும் அது பி என்றுதான் வரும். பூஜ்யத்தைக் கோப்பில் எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம் என்று கம்பைலர் அதையும் பிஎஸ்எஸ்ஸில் போடுகிறது. பழைய வரியை நம்பிய ஒருவர், தான் கொடுத்த பூஜ்யம் எங்கே போனது என்று குழம்புவார்.

இப்போதைய மேனுவலில் வரி மாறியிருக்கிறது. சிம்பல் பிஎஸ்எஸ் பகுதியில் இருக்கிறது என்று முதலில் சொல்கிறது. அடுத்த வாக்கியத்தில், பூஜ்யம் கொடுத்தவையும் எதுவும் கொடுக்காதவையும் வழக்கமாக அங்கே இருக்கும், துல்லியமான நடத்தை சிஸ்டத்தைப் பொறுத்தது என்கிறது. எனக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடிக்கும். எப்போதும் உண்மையாக இருப்பது முதலில் வருகிறது, பெரும்பாலும் உண்மையாக இருப்பது தனி வாக்கியமாகப் பின்னால் வருகிறது. படிப்பவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடுகிறது.

‘வழக்கமாக’, ‘சில சிஸ்டங்களில்’னு நிறைய மழுப்பல் இருக்கே, அதையெல்லாம் எடுத்துட்டா தெளிவாயிடாதா?

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் அனுப்பும் திருத்தங்களில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்மால் எழுத்து என்றால் லோக்கல் (அந்தக் கோப்புக்குள் மட்டும்), கேப்பிடல் என்றால் குளோபல் (மற்ற கோப்புகளுக்கும் தெரியும்) என்று ஒரு விதி உண்டு. மேனுவல் அதில் ஸ்மால் எழுத்துக்கு மட்டும் ‘வழக்கமாக’ என்று சேர்த்துச் சொல்கிறது. காரணம், ஸ்மால் யூ, ஸ்மால் வி, ஸ்மால் டபிள்யூ மூன்றும் லோக்கல் இல்லை. ஸ்மால் யூ என்பது ஒரு புரோகிராம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டிய சிறப்பு குளோபல், அது ஒரு க்னூ விரிவு. மற்ற இரண்டும் வீக் சிம்பல்கள், அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

மழுப்பலாகத் தெரியும் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் நிஜமான விதிவிலக்கு ஒன்று இருக்கும், இல்லையென்றால் இன்னொரு கோப்பு வடிவம் இருக்கும். பின்யூட்டில்ஸ் லினக்ஸின் கோப்பு வடிவமான எல்ஃப் வடிவத்தை மட்டும் படிப்பதில்லை, விண்டோஸின் பிஇ உட்பட வேறு பலவற்றையும் படிக்கிறது. அந்த விதிவிலக்கைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி எழுதுவதுதான் நம் வேலை. மேனுவலில் இந்த மூன்று எழுத்துகளும் அடுத்த வாக்கியத்திலேயே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதனால் அங்கே ‘வழக்கமாக’ என்பது நியாயமான சொல். பட்டியல் இல்லாமல் வெறும் ‘வழக்கமாக’ நிற்கும் இடங்களைத் தேடுங்கள்.

எழுத்துக்கு உண்மையான அர்த்தம் என்னன்னு யாரைக் கேட்கிறது?

சோர்ஸைக் கேளுங்கள். பின்யூட்டில்ஸோடு வரும், பல கோப்பு வடிவங்களைப் படிக்கும் பிஎஃப்டி லைப்ரரியில் ‘சிம்ஸ்.சி’ என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ‘பிஎஃப்டி_டீகோட்_சிம்கிளாஸ்’ என்ற ஃபங்ஷன்தான் எழுத்தை முடிவு செய்கிறது. நீளமானதும் இல்லை. சி ஓரளவு தெரிந்தால் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறது, எது பின்னால் என்ற வரிசை அங்கே தெளிவாகத் தெரியும். வாக்கியத்தை மாற்றும் முன் ஒருமுறையாவது அதைப் படித்துவிடுங்கள்.

என்எம் ஓட்டினா ‘சிம்பல் எதுவும் இல்லை’ன்னு சொல்லுது, ஆனா புரோகிராம் ஓடுது. மேனுவல் இதைச் சொல்லவே இல்லையே?

இது நல்ல குறை. ஒரு எல்ஃப் கோப்பில் இரண்டு சிம்பல் டேபிள்கள் இருக்கலாம். ஒன்று ‘.சிம்டேப்’, அதில் எல்லாமே இருக்கும். மற்றது ‘.டைன்சிம்’, அதில் ஓடும்போது, புரோகிராமை நினைவகத்தில் ஏற்றும் லோடருக்குத் தேவையானவை மட்டும் இருக்கும். ஸ்ட்ரிப் கட்டளை முதலாவதை நீக்கிவிடும். இரண்டாவதை விட்டுவைக்கும், ஏனென்றால் அது இல்லாமல் புரோகிராம் ஏறாது. நம் கணினியில் நிறுவப்படும் நிரல்கள் பெரும்பாலும் ஸ்ட்ரிப் செய்யப்பட்டே வருகின்றன. என்எம் தானாகப் பார்ப்பது முதல் டேபிளை, அதனால்தான் கையை விரிக்கிறது. மைனஸ் கேப்பிடல் டி கொடுத்தால் இரண்டாவதைப் பார்க்கும்.

இப்போது அந்த ஆப்ஷனுக்கான விளக்கத்தைப் படியுங்கள். ‘வழக்கமான சிம்பல்களுக்குப் பதிலாக டைனமிக் சிம்பல்களைக் காட்டும். சில வகை ஷேர்டு லைப்ரரிகள் போன்ற டைனமிக் ஆப்ஜெக்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும்’ என்பது அதன் சாரம். ‘வழக்கமான’ என்றால் எது என்று சொல்லவில்லை. ‘சில வகை ஷேர்டு லைப்ரரிகள்’ என்றதும், தன் கையில் இருப்பது எல்எஸ் மாதிரி ஒரு சாதாரண புரோகிராம்தானே, லைப்ரரி இல்லையே என்று படிப்பவர் ஒதுங்கிவிடுவார். ஆனால் ஷேர்டு லைப்ரரிகளோடு லிங்க் ஆன புரோகிராமிலும் அந்த டேபிள் உண்டு, ஆப்ஷன் அங்கேயும் வேலை செய்யும்.

நான் எழுதினால் இப்படிப் போவேன்: டைனமிக் சிம்பல் டேபிளைக் காட்டும் என்று முதல் வாக்கியம். எல்ஃப் கோப்புகளில் இது ஷேர்டு லைப்ரரிகளிலும் டைனமிக்காக லிங்க் ஆன புரோகிராம்களிலும் இருக்கும் என்று இரண்டாவது. ஸ்ட்ரிப் செய்த கோப்பிலும் இது மிஞ்சியிருக்கும் என்று மூன்றாவது. ‘எல்ஃப் கோப்புகளில்’ என்ற முன்னொட்டு முக்கியம். அதை விட்டால் மற்ற வடிவங்களுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

‘டீ வந்தா அது ஃபங்ஷன்’னு எழுதிட்டா எல்லாருக்கும் சட்டுனு புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். டீ சொல்வது சிம்பல் இருக்கும் இடத்தை மட்டும்தான். அசெம்பிளியில் வைத்த குளோபல் லேபிளும் டீ ஆகலாம். இன்னொரு பக்கம், ஃபங்ஷனாக இருந்தும் டீ வராதவை ஏராளம். சி++-ல் இன்லைன் ஃபங்ஷன்களும் டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தவையும் கேப்பிடல் டபிள்யூ என்று வரும். எக்ஸ்86-64 லினக்ஸில் க்னூ சி லைப்ரரியின் டைனமிக் சிம்பல்களைப் பட்டியலிட்டால் ‘மெம்காப்பி’, ‘எஸ்டிஆர்லென்’ போன்றவை ஸ்மால் ஐ என்று நிற்கும். எந்தப் பிராசசருக்கு எந்த வடிவம் வேகமானது என்று ஓடும்போது தேர்ந்தெடுக்கும் ஃபங்ஷன்கள் அவை. பழைய 64 பிட் பவர்பிசியின் எல்ஃப் வடிவத்தில் ஃபங்ஷன் பெயர்கள் டேட்டாவுக்கான டி என்றே வரும், ஏனென்றால் பெயர் சுட்டுவது கோடை அல்ல, கோடின் முகவரியைத் தாங்கிய ஒரு சின்ன விவரத் தொகுப்பை.

‘டெக்ஸ்ட் பகுதியில் இருக்கிறது, பெரும்பாலும் அது ஒரு ஃபங்ஷன்’ என்று இரண்டாக உடைத்து எழுதலாம். பிஎஸ்எஸ் திருத்தத்தில் பார்த்த அதே வழிதான்.

‘சிம்பல் டைப்’னு சொல்றாங்க, ஆனா அது டைப்பே இல்லையே? பேரை மாத்திடலாமா?

உங்கள் உறுத்தல் சரிதான். அந்த ஒற்றை எழுத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: சிம்பல் எந்தப் பகுதியில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா. எல்ஃப் டேபிளில் ‘டைப்’ என்று தனியாகவே ஒரு புலம் இருக்கிறது. ரீட்எல்ஃப் கட்டளை அதையும், பைண்டிங்கையும் (லோக்கலா, குளோபலா, வீக்கா), விசிபிலிட்டியையும் (வெளியே தெரியுமா) தனித்தனியாகக் காட்டும்.

ஆனாலும் பெயரை மாற்றப் பரிந்துரைக்க மாட்டேன். போசிக்ஸும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது, மற்ற என்எம் கருவிகளின் மேனுவல்களும் அப்படியே. இங்கே மட்டும் புதுப்பெயர் வைத்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. பழைய பெயரை வைத்துக்கொண்டு, இது எல்ஃப் டேபிளின் டைப் புலம் அல்ல என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

‘வேல்யூ’ன்னா அட்ரஸ்தானே? அட்ரஸ்னே போட்டா என்ன?

லிங்க் ஆன புரோகிராமில் அட்ரஸ் என்று சொல்லலாம். ஆப்ஜெக்ட் ஃபைலில் அது அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. உங்கள் சோதனை நிரலின் ஆப்ஜெக்ட் ஃபைலில் முதல் ஃபங்ஷனுக்கும் முதல் டேட்டா வேரியபிளுக்கும் வேல்யூ பூஜ்யமாகவே இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஆரம்ப மதிப்பில்லாத குளோபலுக்கு லிங்க் செய்யும்போதுதான் இடம் ஒதுக்கப்படும் காமன் சிம்பல் என்று ஒரு வகை உண்டு, அதற்கு என்எம் வேல்யூ இடத்தில் காட்டுவது அதன் அளவை. நான்கு பைட் இன்ட் என்றால் 0000000000000004 என்று வரும்.

ஆக, ‘வேல்யூ’ என்ற பொதுச்சொல் இருக்கட்டும். இந்த மூன்று நிலைகளையும் அதன் கீழே விளக்கினால் எத்தனையோ பேரின் குழப்பம் தீரும்.

காமன் சிம்பல் இப்பல்லாம் வர்றதே இல்லையே, அந்தப் பத்தியைத் தூக்கிடலாமா?

வேண்டாம். 2020-ல் வந்த ஜிசிசி 10-லிருந்து, ஆரம்ப மதிப்பில்லாத சி குளோபல்கள் இயல்பாகவே பிஎஸ்எஸ்ஸுக்குப் போகின்றன. அதனால்தான் உங்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. ஆனால் பழைய நடத்தையை ஆப்ஷன் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஃபோர்ட்ரானின் காமன் பிளாக்குகள் இன்றும் இப்படித்தான் வருகின்றன. பழைய கோடைப் பராமரிப்பவர்கள்தான் இந்தப் பத்தியை அதிகம் தேடுவார்கள்.

மைனஸ் ஸ்மால் ஜி கொடுத்தா எக்ஸ்டர்னல் மட்டும்னு போட்டிருக்கு. ஆனா யூ வரிகளும் வருதே, இது பக் (பிழை) தானா?

பக் இல்லை, வாசகம்தான் போதவில்லை. என்எம்மின் சோர்ஸில் அந்த ஆப்ஷன் குளோபல், வீக், ஸ்மால் யூ வகை, காமன், வரையறுக்கப்படாதவை எல்லாவற்றையும் விட்டுவைத்து லோக்கல்களை மட்டும் கழிக்கிறது. ‘எக்ஸ்டர்னல் சிம்பல்களை மட்டும் காட்டும்’ என்று படிப்பவர், இந்த லைப்ரரி வெளியே கொடுக்கும் பெயர்கள் என்று எடுத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து வாங்கும் பெயர்களும் அதில் அடக்கம் என்று ஓர் அரை வாக்கியம் சேர்க்கலாம். வரையறுக்கப்பட்டவை மட்டும் வேண்டுமென்றால் ‘டிஃபைன்ட்-ஒன்லி’ ஆப்ஷனையும் சேர்க்கச் சொல்லிவிட்டால் அவர் தேடி வந்தது கையில் கிடைத்துவிடும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். ஆப்ஜெக்ட் ஃபைலில் கேப்பிடல் டீ வந்தது என்பதற்காக, அந்தப் பெயர் கடைசியில் லைப்ரரியிலிருந்து வெளியே தெரியும் என்று சொல்ல முடியாது. லைப்ரரிக்கு வெளியே தெரியாமல் மறைக்கும் ஹிட்டன் விசிபிலிட்டி கொடுத்திருந்தால் ஷேர்டு லைப்ரரியாக லிங்க் ஆனதும் அதே பெயர் ஸ்மால் டீ ஆகிவிடும். மேனுவலில் ‘குளோபல்’ என்று வரும் இடத்தில் ‘ஏற்றுமதி’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டுத் திருத்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீக் சிம்பலுக்கு ‘சில சிஸ்டங்களில் கேப்பிடல் எழுத்து டீஃபால்ட் வேல்யூ இருப்பதைக் குறிக்கும்’னு இருக்கு. இது யாருக்குப் புரியும்?

இந்த வாக்கியத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். எந்தச் சாதாரண லினக்ஸ் புரோகிராமை எடுத்தாலும் ஸ்மால் டபிள்யூ போட்டு ‘__ஜிமான்_ஸ்டார்ட்__’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துத் தன் பில்டில் எதுவோ விட்டுப் போய்விட்டது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வாக்கியம் உதவுவதில்லை.

மேலே சொன்ன ‘சிம்ஸ்.சி’ கோப்பைப் பார்த்தால் விஷயம் நேராக இருக்கிறது. சிம்பல் வரையறுக்கப்படவில்லை, வீக் என்றால் ஸ்மால் வி அல்லது ஸ்மால் டபிள்யூ. வரையறுக்கப்பட்டிருக்கிறது, வீக் என்றால் கேப்பிடல். வீக் ஆப்ஜெக்ட் என்று குறிக்கப்பட்டவை வி, மற்றவை டபிள்யூ. அதாவது இங்கே எழுத்தின் அளவு லோக்கலா குளோபலா என்பதைச் சொல்லவே இல்லை, வரையறை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்கிறது. ‘ஸ்மால் எழுத்து: இந்தக் கோப்பில் வரையறை இல்லை. கடைசி வரை யாரும் வரையறுக்காவிட்டாலும் பிழை வராது, மதிப்பு பூஜ்யமாகிவிடும்’ என்று எழுதினால் கவலைப்பட்டவர் நிம்மதியாகத் தன் வேலைக்குத் திரும்புவார். பழைய ‘சில சிஸ்டங்களில்’ வாக்கியத்தை நீக்கச் சொல்லும்போது, எந்த கோடைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் திருத்தத்தோடு போகும் கமிட் செய்தியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ரிவ்யூ செய்பவர் அதே தேடலை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஹெல்ப்ல ஒண்ணு சொல்லுது, மேனுவல் வேற சொல்லுது. எதை நம்புறது?

இரண்டையும் விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக மைனஸ் ஸ்மால் ஏ ஆப்ஷன். ஹெல்ப் ஆப்ஷன் கொடுத்தால் திரையில் வரும் வரி, டீபக்கருக்கான சிம்பல்களைக் காட்டும் என்ற பொருளில் இருக்கிறது. அதைப் படித்தால் அவை மட்டும் வரும் என்று தோன்றும். மேனுவலோ, டீபக்கர் சிம்பல்கள் உட்பட எல்லாவற்றையும் காட்டும் என்கிறது. ஓட்டிப் பார்த்தால் மேனுவல்தான் சரி.

ஹெல்ப் வாசகம் மேனுவலில் இல்லை, ‘என்எம்.சி’ என்ற சோர்ஸ் கோப்பிலேயே இருக்கிறது. அது பல மொழிகளுக்கு மொழிபெயர்க்கப்படுகிற வாசகம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பழைய மொழிபெயர்ப்பு ஒட்டாது, ஒவ்வொரு மொழிக்காரரும் மறுபடி பார்க்க வேண்டும். அதனால் அங்கே பொருள் மாறும் திருத்தத்தை மட்டும் செய்யுங்கள். நடை அழகுக்காகக் கை வைக்க வேண்டாம்.

சைஸ்-சார்ட் ஆப்ஷனோட விளக்கத்தை மூணு தடவை படிச்சும் புரியலை. எப்படிப் பிரிக்கிறது?

சிம்பல்களை அளவுப்படி வரிசைப்படுத்தும் ஆப்ஷன் அது. அங்கே ஒரே வாக்கியத்தில், என்எம்மின் இயல்பான அவுட்புட் வடிவமான பிஎஸ்டி வடிவத்தில் வேல்யூவுக்குப் பதிலாக அளவு அச்சாகும் என்பதும், இரண்டும் வேண்டுமானால் மைனஸ் கேப்பிடல் எஸ் கொடுக்க வேண்டும் என்பதும் திணிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் பாதியில் ஆங்கில இலக்கணமும் கொஞ்சம் தடுக்குகிறது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, இரண்டாவது வாக்கியத்தை ‘இரண்டும் வேண்டுமென்றால்’ என்று படிப்பவரின் தேவையிலிருந்து தொடங்குங்கள். பொருள் ஒரு துளியும் மாறாது. முதல் திருத்தம் அனுப்ப நினைப்பவருக்கு இது அருமையான இடம்.

மைனஸ் ஸ்மால் ஓ எதுக்கு? மேனுவல்ல கோப்புப் பெயர்னு இருக்கு, நான் வேற இடத்துல ஆக்டல்னு படிச்சேன்.

இரண்டும் சரி. க்னூ என்எம்மில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கோப்பின் பெயரை அச்சிட வைக்கும். போசிக்ஸின் எக்ஸ்எஸ்ஐ விரிவிலோ எண்களை எட்டடிமானத்தில் எழுதச் சொல்லும். மேனுவலைத் திருத்தி இந்த வேறுபாட்டைப் போக்க முடியாது, ஆனால் சொல்லி வைக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் நீளமான ஆப்ஷன் பெயரைப் பயன்படுத்தினால் க்னூ கருவியில் குழப்பம் இருக்காது.

எல்எல்விஎம் மேனுவல்ல இதே விஷயத்தை நல்லா எழுதியிருக்காங்க. அப்படியே எடுத்துப் போடலாமா?

கூடாது. பின்யூட்டில்ஸ் மேனுவல் க்னூ இலவச ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பில் இருக்கிறது, தனக்கென்று ஒரு என்எம் வைத்திருக்கும் இன்னொரு கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம் வேறு உரிமத்தில் இருக்கிறது. அதோடு இரண்டு கருவிகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடப்பதில்லை. படித்துப் புரிந்துகொள்ளுங்கள், க்னூ என்எம்மில் ஓட்டிச் சரிபாருங்கள், அப்புறம் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

ஒரு பேட்ச்ல எவ்வளவு மாத்தலாம்?

ஒரு விஷயத்துக்கு ஒரு பேட்ச் (அனுப்பும் மாற்றத் தொகுப்பு). பொருள் மாறும் திருத்தத்தையும் எழுத்துப் பிழையையும் கலக்காதீர்கள். க்னூ திட்டங்களில் பதினைந்து வரி அளவுக்குட்பட்ட சின்ன மாற்றத்துக்குக் காப்புரிமைக் காகிதங்கள் தேவைப்படுவதில்லை என்பதும் ஒரு வசதி. கமிட் செய்தியில் பழைய வாக்கியத்தைப் படித்தவர் என்ன தப்பாகப் புரிந்துகொள்வார் என்பதை ஒரு வரியிலும், நீங்கள் ஓட்டிப் பார்த்த கட்டளையையும் அவுட்புட்டையும் இரண்டு வரியிலும் கொடுங்கள். ‘இது இன்னும் தெளிவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் வாதம் ரசனையைப் பற்றியதாகிவிடும். நாளாகியும் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம். பராமரிப்பவர்கள் சிலர்தான், வேலை நிறைய.

டெக்ஸ்இன்ஃபோ கோப்புல ‘@@@@’னு நாலு அட் குறி வரிசையா நிக்குது. டைப்பிங் மிஸ்டேக்கா? ரெண்டாக் குறைக்கட்டுமா?

தயவுசெய்து தொடாதீர்கள். டெக்ஸ்இன்ஃபோவில் ஒவ்வொரு கட்டளையும் அட் குறியில்தான் தொடங்கும். அதனால் ஒரு அட் குறி அச்சாக வேண்டுமென்றால் இரண்டு எழுத வேண்டும். ஒரே பெயரின் வெவ்வேறு பதிப்புகளைப் பிரித்துக் காட்டும் சிம்பல் வெர்ஷன் பற்றிய இடத்தில் இது முக்கியமாகிறது. பெயருக்குப் பின்னால் ஒரு அட் குறி போட்டு வெர்ஷன் வந்தால் சாதாரண வெர்ஷன். இரண்டு அட் குறி வந்தால் அதுதான் டீஃபால்ட், வெர்ஷன் சொல்லாமல் அந்தப் பெயரைக் கேட்பவர்களுக்குக் கிடைப்பது. மூலக் கோப்பில் அவை முறையே இரண்டாகவும் நான்காகவும் இருக்கும்.

நான்கை இரண்டாக்கினால் கோப்பு எந்தப் பிழையும் இல்லாமல் உருவாகிவிடும். மேனுவலில் டீஃபால்ட் வெர்ஷனுக்கான எடுத்துக்காட்டு மட்டும் சாதாரண வெர்ஷன் போல அச்சாகும், பக்கத்தில் ‘இரண்டு அட் குறி’ என்ற விளக்கம் அப்படியே நிற்கும். இந்த இடத்தில் எந்த மாற்றம் செய்தாலும் மேன் பேஜை உருவாக்கி, அட் குறிகளை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.